நியாய மதிப்பும் நீல டிக்கும்

வாங்கும் எண்ணமில்லாமல் விலை கேட்பவர்களைக் கடைக்காரர்கள் முறைப்பதோடு விட்டுவிடுவார்கள். விற்கும் எண்ணமில்லாமல் விலை கேட்டால் என்ன ஆகும் என்பதை நான் குளுவாங்கில் ஓர் ஆட்டுப்பட்டியில் நின்று தெரிந்துகொண்டேன்.

அப்போது பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு சின்ன ஆடிட் அலுவலகத்தில் சேர்ந்து ஐந்து மாதம். ஆறாவது மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். சிறு நிறுவனங்களுக்கான கணக்கியல் தரம் மாறிய புதிது. பழைய முறையில் ஆட்டை வாங்கிய விலைக்கே எழுதுவோம். பட்டியில் பிறந்த குட்டிக்கு வாங்கிய விலையே கிடையாது என்பதால் அது கணக்கில் பிறக்கவே இல்லை (எதிரில் நின்று கத்தினாலும்). புதிய தரமோ, உயிருள்ள சொத்துக்கு இன்றைய சந்தை விலையைப் போடு என்றது. அதற்குப் பெயர் நியாய மதிப்பு. அதைப் படித்த நாள் முதல் நாட்டின் பொருளாதாரமே என் கால்குலேட்டரை நம்பி இருப்பதாக ஒரு நினைப்பு எனக்கு.

"செல்லையா அங்கிள் நம்ம பழைய கிளையண்ட்," என்றார் முதலாளி சரோஜா மேடம். "ஆட்ட எண்ணு, வெலைய விசாரி, அவர கோவப்படுத்தாம வந்து சேரு. அப்புறம் ஒன்னோட லெட்டர்ல சைன் போடுறேன்."

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. கழுத்தில் அடையாள அட்டை, காலில் குதிகால் உயர்ந்த செருப்பு என்று போய் இறங்கினேன். (பட்டிக்குள் மூன்றாவது அடியிலேயே ஒரு குதிகால் போய்விட்டது.) நொண்டிக்கொண்டே செல்லையா அங்கிளுக்குப் புதிய தரத்தைப் பற்றிக் கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன்.

"ஆடு வளந்தா கணக்கும் வளரணுமாம்மா? புல்லு நான்தானே போடுறேன்?" என்றார். "என்னமோ செய்யி. அந்த மூலையில நிக்கிற கெடா மட்டும் முனியாண்டிக்கு நேந்து விட்டது. அதுகிட்ட போகாத லா." சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

இருபது வருடமாக அவர் காதர் பாய் என்ற ஒரே வியாபாரிக்குத்தான் விற்கிறார். ஒரே ஆள் சொல்வது சந்தை விலையாகுமா? காதர் பாயோடு, மூவாரில் ஒருவர், பத்து பாகாட்டில் ஒருவர் என்று மூன்று வியாபாரிகளை, அங்கிள் சொன்ன எண்ணிக்கையை வைத்துப் போனில் கூப்பிட்டேன்.

"செல்லையா பண்ணையில அறுபத்திரண்டு ஆடு இருக்கு. இன்னைக்கே வித்தா ஒண்ணுக்கு என்ன குடுப்பீங்க?"

மூவரும் விலை சொன்னார்கள். இருவர் வழியும் கேட்டார்கள், மரியாதையாகச் சொன்னேன். காதர் பாய் மட்டும் "செல்லையாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். எதற்குக் கேட்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்ததில்லை.

பிறகு எண்ண ஆரம்பித்தேன். முதல் தடவை ஐம்பத்தெட்டு வந்தது, அடுத்த தடவை எழுபத்தொன்று. ஆடுகள் ஃபைல் மாதிரி வரிசையில் நிற்குமா? பையிலிருந்து நீல சாக்பீஸை எடுத்து, எண்ணிய ஆட்டின் முதுகில் ஒரு டிக் போட்டேன். மூலையில் நின்ற கிடாவுக்கும் போட்டேன். சாமி ஆடாக இருந்தாலும் சொத்து சொத்துதானே!

இரண்டு மணி நேரம் கழித்து, கடைசி டிக் போடும்போது வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று.

முதல் லோரியிலிருந்து இறங்கிய காதர் பாய், ஆடுகளின் முதுகைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஆட்டு வியாபாரத்தில் முதுகில் குறி போட்டால் அது விலை பேசி முடித்த ஆடு. எனக்கு இது தெரிந்தது அந்த நிமிடத்தில்தான்.

"அலமாக்! எல்லாத்துக்கும் மார்க் போட்டாச்சா? இருவது வருஷமா நான்தானே வாங்குறேன் செல்லையா. ஒரு வார்த்த சொல்லலியே!" அவர் குரல் உடைந்தது. எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

"யாரு விக்கிறா?" என்று டீ கிளாஸோடு ஓடி வந்தார் செல்லையா அங்கிள். எல்லோரும் திரும்பி என் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார்கள்.

"இது நெஜமா விக்கிறது இல்ல பாய்... வித்தா எவ்வளவு வரும்னு ஒரு கற்பனை..."

"கற்பனைக்கா நான் லோரி எடுத்துட்டு வந்தேன்?"

"வந்தது வந்துட்டோம். ஒண்ணுக்கு அம்பது வெள்ளி கூடத் தர்றேன்," என்றார் மூவார்க்காரர்.

"என் ஆட்டுக்கு நீ வெல சொல்றியா? நான் எழுவது!" என்று சீறினார் காதர் பாய். பத்து பாகாட்காரர் எண்பது என்றார். திட்டுவதற்காக என் பக்கம் வந்துகொண்டிருந்த செல்லையா அங்கிள், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மெல்ல அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மதியத்துக்குள் நாற்பது ஆடுகள் லோரி ஏறின. பாதிக்கு மேல் காதர் பாய்க்குத்தான். எனக்குத் தண்டனை தனியாக வந்தது. குறி பட்ட கிடாவை அப்படியே சாமிக்குக் கொடுக்க முடியாதாம். மஞ்சள் தண்ணீர் ஊற்றி நான் அதைக் குளிப்பாட்ட, அது என் அடையாள அட்டையை மென்றது. பக்கத்தில் நின்று செல்லையா அங்கிள் மேடத்துக்குப் போன் போட்டார். வேலை போச்சு என்று கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"மேடம், இந்தப் புள்ளய வருஷா வருஷம் தீபாவளிக்கு மொத வாரம் அனுப்பிருங்க."

விஷயத்தைக் கேட்ட மேடம் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "மார்க்கெட் வெலைய கேட்டுட்டு வான்னு அனுப்பினா, மார்க்கெட்டையே கூப்பிட்டு வச்சிருக்கே." லெட்டர் வந்தது, மூன்று மாதம் தாமதமாக.

அன்று முதல் நான் கடையில் எதற்கு விலை கேட்டாலும் அப்பா லோரி வருகிறதா என்று வாசலை எட்டிப் பார்ப்பார். என் கல்யாண விருந்துக்குக் காதர் பாய்தான் பிரியாணி அனுப்பினார். எட்டு அண்டா, எட்டு மூடியிலும் ஒரு நீல டிக். சம்பந்தி வீட்டார் எல்லோரும் நிற்க, அப்பா சத்தமாகக் கேட்டார்:

"ஏம்மா, இது எண்ணுனதா, வித்ததா?"