நான் உடைக்காத துப்பாக்கி

கைப்பேசியில் வீடியோ பார்த்து ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டவனிடம் அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். மணிக்கணக்கில் பேச விடுங்கள். தயவுசெய்து அந்தப் பொருளை மட்டும் அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள். பிஸ்டலின் ஸ்லைட் எப்படி வேலை செய்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் இன்றைக்கும் பிசகாமல் சொல்வேன். அப்படிப் பிசகாமல் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே நான் அடித்த கூத்துதான் எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்போது நான் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தேன். எங்கள் ஊர் ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கம்பளிக்குள் வளர்ந்த எனக்குக் கொழும்பு வெக்கை ஒத்துவரவே இல்லை. கடைக்கு மேல் தகரக் கூரைக்கடியில் படுத்துக்கொண்டு, ஊர்ப் பனியை நினைத்து நினைத்துப் பெருமூச்சு விடுவேன். (வீட்டில் இருந்த காலத்தில் அதே பனியை நான் திட்டாத நாளில்லை.) அந்த நேரத்தில்தான் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. நுவரெலியாவில் ஒரு பாதுகாப்பு நிறுவனத்துக்கு ஆயுதம் தாங்கிய காவலர்கள் தேவை, ஆயுத அறிவு உள்ளவர்களுக்கு முன்னுரிமை.

வேலை கிடைத்தால் காலையில் பஸ் ஏறி, மாலையில் அம்மா சுடும் ரொட்டிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் மறுபடி கடை, மறுபடி தகரக் கூரை. ஆயுதம் என்று நான் அதுவரை தொட்டதெல்லாம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திதான். ஆனாலும் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டேன். இரண்டு வாரம் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். பார்க்கப் பார்க்க, நான் இவ்வளவு காலம் கருவாடு நிறுத்துக் கொடுத்ததே நாட்டுக்கு நஷ்டம் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

நேர்முகத்துக்கு முதல்நாளே ஊருக்கு வந்துவிட்டேன், அன்று மாலை எங்கள் லயத்து வரிசை வீட்டில் ஒத்திகை நடந்தது. பார்வையாளர்கள் இரண்டு பேர். கொழுந்து எடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அம்மா, அடுத்த காம்பராவில் குடித்தனம் செய்யும் சரசு அக்கா. நான் ஒரு நெருப்புப் பெட்டியை எடுத்து உயர்த்திக் காட்டினேன்.

“இதுதான் பிஸ்டல்.”

“இது நெருப்புப் பெட்டி,” என்றாள் அக்கா.

“நினைச்சுக்கக்கா! உள்ள இருக்க தட்டு அசையாது. அதுதான் கைப்பிடியோட சேர்ந்த ஒடம்பு. மேல் கூடு மட்டும் முன்னுக்கும் பின்னுக்கும் போகும். அதுதான் ஸ்லைட்.”

பிறகு பேனாவைக் கழற்றி ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டினேன். டொபிகளை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளங்கையில் அடுக்கினேன். பாடம் இதுதான். கைப்பிடிக்குள் மகசின் இருக்கிறது, அதில் தோட்டாக்கள் அடுக்கியிருக்கின்றன, அடியில் ஒரு ஸ்பிரிங் அவற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஸ்லைட்டைப் பின்னால் இழுத்தால் இன்னொரு ஸ்பிரிங் அமுங்கும். விட்டால் அது ஸ்லைட்டை முன்னால் விரட்டும். அப்படி ஓடும்போது மேலே நிற்கும் தோட்டாவைத் தள்ளிக்கொண்டுபோய்க் குழலுக்குள் வைத்துவிடும். சுட்டதும், வெடித்த வேகத்தில் ஸ்லைட் தானாகவே பின்னால் வரும். வரும்போது வெற்றுக் கோதை இழுத்து வெளியே எறியும். திரும்ப முன்னால் போகும்போது அடுத்த தோட்டாவைக் கொண்டுபோகும். ஆனால் அடுத்த வெடிக்கு விரல்தான் மறுபடி விசையை அழுத்த வேண்டும். பாதி வேலையைத் துப்பாக்கி செய்கிறது, மீதியை மனிதன் செய்கிறான். (அக்கா டொபி தின்பதைத் தவிர வேறு வேலை செய்யவில்லை. நான் ஒவ்வொரு தடவை “டுமீல்” என்றபோதும் ஒரு தோட்டா அவள் வாய்க்குள் போனது.)

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “எல்லாம் முடிஞ்சா என்னா ஆகும் தம்பி?”

“நல்ல கேள்விம்மா! மகசின் காலியானா ஸ்லைட் முன்னுக்கு வராது. பின்னாலயே நின்னுக்கிரும். ‘என்கிட்ட ஒண்ணும் இல்ல, நெரப்பு’ன்னு அது நமக்குச் சொல்லுது.”

“ஆளுங்களவிட அதுக்குப் புத்தி இருக்கு,” என்று அம்மா மறுபடி ஊதப் போனார். பிறகு என்னைப் பார்க்காமலே, “வேல கெடைக்கட்டும். ஆனா அந்த எழவத் தொடாத வேலையா இருந்தா நல்லது” என்றார்.

மறுநாள் அக்கா வீட்டுக்காரரின் கறுப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அது எனக்கு ஒரு விரலளவு பெரிது. முன்னால் கடதாசியை அடைத்திருந்தேன். கந்தப்பளை தாண்டும்வரை பஸ்ஸில் உதட்டை அசைத்துப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனதில், பக்கத்து இருக்கைப் பெண்மணி ஒருவர் நான் ஏதோ நேர்த்திக்கடனுக்குப் போகிறேன் என்று நினைத்து, தனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னார்.

நேர்முகம் நடத்தியவர் இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சிங்களப் பெரியவர். நரைத்த மீசை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது கொஞ்சம் தடுக்கும். எனக்குச் சிங்களமும் அதே கணக்குத்தான். ஆகவே இரண்டு பேரும் நடுவழியில் சந்தித்துக்கொண்டோம். வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பையன்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“ஹரி மல்லி,” என்றார், சரி தம்பி என்று. “ஒண்ணும் தெரியாத ஆளுக்குச் சொல்றது மாதிரி, ஸ்லைட் எப்பிடி வேல செய்றது, சொல்லுங்க.”

எனக்குள் யாரோ சுவிட்சைப் போட்டதுபோல் இருந்தது. பேசினேன் பாருங்கள்! ஸ்பிரிங் என்றேன், கோது என்றேன், குழல் என்றேன். வெளியே இருந்த பையன்கள் கழுத்தை நீட்டிக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவன் கடதாசியில் குறிப்பெடுக்கவும் செய்தான். கடைசித் தோட்டா முடிந்தால் ஸ்லைட் பின்னாலேயே நிற்கும் என்பதைக் கையை விரித்து, தலையைச் சாய்த்துச் சொல்லி முடித்தேன்.

“ஹரி ஷோக்!” என்றார் பெரியவர். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த நிமிடம் நான் மனதால் கடைக்கு ராஜினாமா கொடுத்துவிட்டேன். தகரக் கூரைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டேன்.

அவர் அலுமாரியைத் திறந்து ஒரு பிஸ்டலை எடுத்தார். தோட்டா இல்லை என்பதைத் தானும் பார்த்து, எனக்கும் காட்டினார். வெறும் மகசினை உள்ளே செருகி, மேசைமேல் வைத்தார். “இப்ப எடுத்து ஸ்லைட் இழுங்க. செவுத்துப் பக்கம் பாத்து.”

எடுத்தேன். என்ன கனம்! வீடியோவில் கனம் தெரியாது. விரலை விசைக்கு வெளியே வைத்தேன், யார் பக்கமும் நீட்டாமல் சுவரைப் பார்த்துப் பிடித்தேன். இந்த மரியாதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்லைட்டை முழுப் பலத்தோடு இழுத்து விட்டேன்.

அது திரும்பி வரவில்லை.

பின்னாலேயே நின்றது. குழல் மட்டும் முன்னால் மொட்டையாக நீட்டிக்கொண்டு நின்றது. நான் மெல்லத் தள்ளினேன். அசையவில்லை. இரண்டு பெருவிரலையும் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. முதுகில் வேர்வை ஓடியது. நுவரெலியாவில், காலை நேரத்தில், எனக்கு வேர்த்தது. மகசின் காலி, அதனால் நிற்கிறது என்று அரை நிமிடத்துக்கு முன்னால் தலையைச் சாய்த்துச் சொன்னவன் நான்தான். அந்த ஆள் எங்கே போனான் என்று தெரியவில்லை. என் தலைக்குள் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: ஒடைச்சிட்டேன்.

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்துச் சாமான் ஏதாவது கையில் உடைந்தால், அடுத்தவர் வாய் திறப்பதற்கு முன்னால் நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும். மறைத்து, பிறகு கங்காணி வாயால் கணக்கப்பிள்ளை காதுக்குப் போனால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் மானம் போகும். அம்மா இதை எங்களுக்கு ‘அ’னா ‘ஆ’வன்னாவுக்கு முன்னால் சொல்லிக் கொடுத்திருந்தார். எப்படி நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பது உட்பட. அதனால் நான் யோசிக்கவே இல்லை. துப்பாக்கியை மேசைமேல் வைத்தேன். சப்பாத்துக் குதிகளைச் சேர்த்தேன். தொப்பியே இல்லாத தலையில் இருந்து தொப்பியை எடுப்பதுபோல் கையை இறக்கினேன்.

“ஒடைஞ்சிருச்சுங்க ஐயா! நான்தாங்க ஒடைச்சேன். சம்பளத்துல பிடிச்சுக்கங்க!”

கதவு திறந்திருந்தது என்று சொன்னேன் அல்லவா? பெஞ்சு முழுக்கக் கேட்டுவிட்டது. குறிப்பெடுத்தவன் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தான்.

பெரியவர் என்னைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். “மல்லி, எந்தச் சம்பளம்?” என்றார்.

அப்போதுதான் எனக்கு இன்னும் வேலையே கிடைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவர் துப்பாக்கியை எடுத்து, பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பிடியைப் பெருவிரலால் அமுக்கினார். ‘சடக்’ என்று ஸ்லைட் முன்னால் போய் உட்கார்ந்தது. “ஒடையல. நீங்க இப்ப சொன்னதுதானே இது?” என்றார். பிறகு அவரால் முடியவில்லை. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெஞ்சு அதற்காகவே காத்திருந்ததுபோல் வெடித்தது.

போகும்போது வாசல்வரை வந்து தோளில் தட்டினார். “மல்லி, வாய் பாஸ். கை பெயில்.”

வீட்டில் அம்மா முழுக் கதையையும் சிரிக்காமல் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே கேள்விதான். “ஒடைஞ்சதும் ஒடனே சொன்னியா?”

“ஒடையவே இல்லம்மா!”

“அது அவுங்க சொல்லித்தானே தெரியும். நீ ஒடனே சொன்னியா, மறைச்சியா?”

“ஒடனே சொன்னேன்.”

“அப்ப சரி,” என்றார். அக்கா அதற்குள் வாசல்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டுகொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் கதை மேல் லயம், கீழ் லயம், கோயிலடி என்று சுற்றிவிட்டு, போன வேகத்திலேயே என்னிடம் திரும்பி வந்தது. வரும்போது நான் அழுததாகவும் சேர்த்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கொழும்பு பஸ். அம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் கண்ணாடியோடு மல்லுக்கட்டினேன். அது பாதியில் சிக்கிக்கொண்டு மூடவே இல்லை. அம்மா வெளியே இருந்து, குரலைத் தாழ்த்தி, “கண்டக்டரு வாறதுக்கு முந்தி சொல்லிரு தம்பி, சம்பளத்துல பிடிச்சுக்கட்டும்” என்றார். அம்மா பகிடி விட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பஸ் திரும்பும்வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம், இல்லாவிட்டால் வேறு எதையாவது செய்திருப்போம்.

இன்றைக்கு நான் கந்தப்பளையில் மரக்கறி வியாபாரம் செய்கிறேன். வீட்டில் குடை மடங்காவிட்டாலும், குக்கர் மூடி திறக்காவிட்டாலும், யாராவது ஒருவர் குதிகளைச் சேர்த்து நின்று சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். என் மகளுக்கு ஸ்லைட் என்றால் என்னவென்றே தெரியாது, ஆனால் அந்த நிற்பு என்னைவிட அவளுக்கு நன்றாக வருகிறது. சொந்தக்காரர் கல்யாணங்களில் அக்கா இதை நடித்தே காட்டுவாள்.

அக்கா நடிக்காத பகுதி ஒன்று இருக்கிறது. நான் கொழும்பில் இருந்தவரை, அம்மா போன் எடுத்தால் முதல் கேள்வி, “இந்த வாரம் என்னத்த ஒடைச்ச?” என்பதுதான். நானும் “ஒண்ணும் இல்லம்மா” என்பேன். பிறகுதான் சாப்பாடு, காய்ச்சல், மழை எல்லாம். ஒரு மழைக்காலத்தில், கடையில் யாரும் என்னோடு முகம்கொடுத்துப் பேசாத ஒரு வாரத்தில், அதே கேள்வி வந்தது. எப்போதும்போல் “ஒண்ணும் இல்ல” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வார்த்தை வந்துவிட்டது.

“மனசு ஒடைஞ்சிருச்சும்மா. இங்க இருக்க முடியல.”

அந்தப் பக்கம் அடுப்பு எரியும் சத்தம் கேட்டது.

“மறைக்காம ஒடனே சொன்ன பாரு, அது போதும்,” என்றார் அம்மா. “கெளம்பி வா.”

நான் கிளம்பி வந்துவிட்டேன்.