ஐந்து படி கொள்ளாத கிடார்

"…முழுசா நெரப்புனாக்கூட அஞ்சு படி கொள்ளாது மாப்ள. அந்தா இருக்கு பாருங்க, பெருசு. அதுல கண்ண மூடிக்கிட்டுப் பத்துப் படி போடலாம்!"

நாங்கள் பாத்திரம் வாங்கவில்லை. கிடார் வாங்கிக்கொண்டிருந்தோம். பேசியவர் என் மாமனார். ஒத்தக்கடையில் அரிசி ஆலை வைத்திருந்தவர். எதைப் பார்த்தாலும் அதில் எத்தனை படி பிடிக்கும் என்று அவர் கண் தானாக அளந்துவிடும். (எங்கள் கல்யாணப் பந்தலில் என் சித்தப்பாவின் தொப்பையை அவர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்ததை நான் கவனித்தேன். நல்லவேளை, அளவை வாய்விட்டுச் சொல்லவில்லை.)

"பெருசு முழங்கும் மாமா. சிறுசு பேசும்," என்றேன் நான்.

"பேசட்டும் மாப்ள, வேணாங்கல. நாலு பேரு காதுல விழணும்ல?"

"ப்ளூஸ்னா அப்படித்தான் மாமா. மடியில வச்சு வாசிக்கணும். சத்தம் டக்குனு நிக்கணும். பெருசுல வாசிச்சா நம்ம பாட்ட அதுவே முழுங்கிரும்."

மாமா என்னை மரியாதையோடு பார்த்தார். இவ்வளவு தெரிந்த மாப்பிள்ளை நம் வீட்டுக்கு வாய்த்திருக்கிறாரே என்கிற பார்வை. இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் வரைக்கும் நான் என் வாழ்க்கையில் ஒரு கிடாரைக் கையால் தொட்டதில்லை.

பொய் பிறந்தது பெண் பார்க்கப் போன அன்று. கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்து, மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "தம்பிக்கு வேற பழக்கம் ஏதும் உண்டா?" அவர் கேட்டது சிகரெட்டையும் சாராயத்தையும். "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் என்பதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லாததால், நானே சொன்னேன்: "கிடார் வாசிக்கிற பழக்கம் உண்டுங்க."

உள் அறையில் வளையல் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் கல்யாணமான இரண்டாம் நாள்தான் தெரிந்தது. செண்பகத்துக்கு அப்போது இன்னொரு வரனும் வந்திருக்கிறது. வங்கியில் வேலை. திருநகரில் மாடி வைத்த சொந்த வீடு. "எனக்குக் கிடார் வாசிக்கிறவருதான் வேணும்னு ஒரு நாள் பூரா சாப்பிடாம கெடந்தேங்க," என்றாள் வெட்கத்தோடு. அதற்குப் பிறகு சாப்பாடு இறங்காமல் போனது எனக்கு. மாடி வீட்டை ஒருத்தி எனக்காகத் தள்ளிவிட்டு வந்திருக்கிறாள். நான் அதற்குக் கொடுத்தது ஒரு வாக்கியம். அதிலும் பொய்.

சரி, ஏன் கிடார்? ஏன் புல்லாங்குழல் இல்லை? என் சிநேகிதன் சேகரின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்த ஒரு கேசட்டைச் சேகர் எனக்குக் கொடுத்திருந்தான். ப்ளூஸ் என்கிற அமெரிக்கச் சோகப் பாட்டு; பாடுவது யாரோ ஒரு கறுப்பினப் பெரியவர், தனியாக, ஒரே ஒரு கிடாரோடு. அவர் ஒரு வரி குறை சொல்லுவார், கிடார் 'ம்' கொட்டும். அடுத்த வரி அழுவார், கிடார் 'அப்புறம்?' என்று கேட்கும். ஆறுதல் சொல்லாது. குறுக்கே பேசாது. இப்படி ஒரு ஆள் நமக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்கி ஏங்கி அந்தக் கேசட்டைத் தேயவிட்டேன்.

கேசட்டின் அட்டையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் சின்னக் கிடார். என் நிபுணத்துவம் முழுவதும் அந்தத் தபால்தலையில் இருந்து வந்ததுதான். (அந்த மனிதர் ஆறரை அடி உயரமாக இருந்து, அதனால் கிடார் சின்னதாகத் தெரிந்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அப்போது எனக்கு எதிலும் சந்தேகமே வராது.)

தலைதீபாவளி நெருங்கியது. "மோதிரம் போடவா, வாட்ச் வாங்கவா?" என்று மாமா கேட்டதற்கு, செண்பகம் முந்திக்கொண்டு, "அவருக்கு ஒரு கிடார் வாங்கிக் குடுங்கப்பா. தீவாளியன்னைக்கு நம்ம வீட்லயே வாசிக்கட்டும்," என்றாள். தெற்குவாசல் பக்கம் மெல்லிசைக் குழு நடத்திவந்த கோபாலண்ணே புதிதாக மின்சாரக் கிடார் வாங்கிவிட்டார். பழைய மரக் கிடார் இரண்டையும் விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, மாமா என்னிடம் நாள் கேட்டார்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. கிடார் வாங்கப் போனால் "வாசிச்சுப் பாருங்க" என்பார்கள். யாரும் அப்படிச் சொல்லவே முடியாத நாள் வருஷத்தில் ஒன்றே ஒன்று உண்டு. சரஸ்வதி பூஜை. வாத்தியங்களைச் சாமிக்கு முன் வைத்துவிட்டால் மறுநாள் காலை பூஜை முடிகிற வரைக்கும் எவனும் விரல் வைக்க முடியாது.

"ஆயுத பூஜையன்னைக்குப் போவோம் மாமா. நல்ல நாளு. உங்க மில்லும் லீவுதான?"

"மாப்ள, என்னா யோசனை! எனக்கும் அன்னைக்கு ஒருநாத்தான் கை சும்மா இருக்கும்," என்று அவர் பூரித்துப்போனார். நான் என்னை நினைத்து அவரைவிட அதிகமாகப் பூரித்தேன்.

கோபாலண்ணே வீட்டுக் கூடத்தில் தபேலா, அக்கார்டியன், மைக் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. கிடார்கள் இரண்டும் சுவரில் சாய்ந்து நின்றன. தலையில் இருந்து அடிவயிறு வரைக்கும் செவ்வந்தி மாலை. ஒரு கம்பிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு அம்பாளே நேரில் வந்து அபயம் கொடுத்த மாதிரி இருந்தது.

"இன்னைக்குத் தொட முடியாது தம்பி," என்றார் கோபாலண்ணே சங்கடத்தோடு. "நாளைக்குக் காலைல வாங்க. ரெண்டையும் வாசிச்சுப் பாத்து, பிடிச்சத எடுத்துக்கங்க."

"எதுக்குண்ணே? பாத்தாலே தெரியாதா?" என்றேன். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, சின்னக் கிடாரைச் சுற்றி அரை வட்டம் நடந்தேன். குனிந்தேன். ஒரு கண்ணை மூடி இடுப்பு வளைவைப் பார்த்தேன். முகர்ந்துகூடப் பார்த்தேன். (செவ்வந்தி வாசம்தான் வந்தது.) "இதுதான். காஞ்ச மரம். குரல் வறண்டு வரும். எனக்கு இதுதான் வேணும்."

அப்போதுதான் மாமா படிக் கணக்கை எடுத்தார். நான் முழக்கத்துக்கும் பேச்சுக்கும் வித்தியாசம் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த கோபாலண்ணே மெதுவாக, "தம்பி, அந்தச் சின்னதுல மட்டும் ஒரு விசயம் இருக்கு. அது நம்ம குழுவுல இருந்த ரவி வாசிச்சது. அவன் வந்து…" என்று ஆரம்பித்தார்.

"தெரியும்ணே," என்றேன் கையை உயர்த்தி.

"இல்ல தம்பி, அதுல கம்பி…"

"எல்லாம் தெரியும்ணே. பழைய ப்ளூஸ் வாசிக்கிறவனுக்கு அப்படி இருந்தாத்தான் சரி."

கோபாலண்ணே என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். "ஓ… தம்பியும் அப்படித்தானா? அப்பச் சரி," என்றார். எப்படித்தானா என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம்.

மறுநாள் மாமாவே அதை வாங்கி, பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது. 'கிடார் கற்றுக்கொள்வது எப்படி' என்பது மாதிரி மெல்லிய புத்தகம் ஒன்றை வாங்கி, கூட்டுறவுச் சங்கப் பேரேட்டுக்குள் ஒளித்து வைத்துப் படித்தேன். தடித்த கம்பி மேலே, மெல்லிய கம்பி கீழே என்று படம் போட்டிருந்தது. என் கிடாரில் மெல்லியது மேலே இருந்தது. புத்தகத்தில்தான் அச்சுப் பிழை என்று முடிவு செய்தேன்.

படத்தில் சொன்ன இடத்தில் விரலை வைத்து மீட்டினால், தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். முதல் இரண்டு நாள் பயந்தேன். மூன்றாம் நாள் கேசட்டைப் போட்டுக் கேட்டபோது, பெரியவரின் கிடாரும் அங்கங்கே முனகுவது போலவும் இழுப்பது போலவும் பட்டது. 'ஆகா, பிடித்துவிட்டோம்' என்று நினைத்தேன். ஒரு மனிதன் தன்னை ஏமாற்றிக்கொள்ள எவ்வளவு குறைந்த ஆதாரம் போதும்!

வீட்டுக்காரம்மா ஒருநாள் மாடியில் இருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா செண்பகம், வீட்ல ஏதும் கழண்டு விழுகுதா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, அது ப்ளூசு. பழகப் பழகத்தான் பிடிக்கும்," என்றாள் செண்பகம். அவள் குரலில் எனக்காக அவ்வளவு வீம்பு. தான் இன்னும் பழகிக்கொண்டிருப்பதாக என்னிடம் ஒரு முறைகூடக் காட்டிக்கொள்ளவில்லை.

தீபாவளி காலை. எண்ணெய்க் குளியல், புது வேட்டி, இட்லியும் கறிக்குழம்பும். ஒத்தக்கடை வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து, ஆலை ஆட்கள், அக்கம்பக்கத்து வீட்டார், செண்பகத்தின் கூடப் படித்த பெண்கள் என்று முப்பது பேர். மாமா முன்வரிசையில். அவருக்குப் பக்கத்தில் கோபாலண்ணே!

"மாப்ள வாசிக்கிறத வெவரம் தெரிஞ்ச ஆளு கேக்கணும்ல, அதான் கூப்புட்டேன்," என்றார் மாமா.

நான் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். கண்ணை மூடியதால் யார் முகமும் தெரியவில்லை, அது ஒரு வசதி. நாலைந்து நிமிடம் போயிருக்கும். ஒரு கைக்குழந்தை வீரிட்டது. அதை யாரோ வெளியே தூக்கிப் போனார்கள். போனவர் திரும்பி வரவில்லை. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

கோபாலண்ணேதான் வாயைத் திறந்தார். "தம்பி… நீங்க வலது கையிலயா வாசிக்கிறீங்க?"

"ஆமாண்ணே."

"அது பீச்சாங்கைக் கிடார் தம்பி! ரவி பீச்சாங்கைக்காரன். கம்பி பூராத்தையும் தலகீழா மாட்டி வச்சிருக்கான். அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க எல்லாம் தெரியும்னீங்க. சரி, தம்பியும் எடது கைதான் போலன்னு விட்டுட்டேன். வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு மடியில வச்ச ஒடனே தெரிஞ்சிருமே…" சொல்லி முடிக்கும்போதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. டம்ளரை எடுத்து இல்லாத காபியைக் குடித்தார்.

முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின. நான் பார்த்தது ஒன்றைத்தான். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற செண்பகம் கண் சிமிட்டாமல் என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணுக்குள் திருநகர் வீடு மாடியோடு, மொட்டைமாடித் துணிக்கொடியோடு, முழுசாகத் தெரிந்தது.

அந்த இடத்தில் "மன்னிச்சிருங்க மாமா, தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் சிரித்திருப்பார்கள், இன்னொரு இட்லி வைத்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கும் நான் ஃப்ரிட்ஜ் வாங்கும்போதோ, சின்ன மகளுக்கு வந்த ஜாதகத்தைப் பார்த்தோ, "இதப் பத்தி எனக்குத் தெரியும்" என்று தொடங்கினால், செண்பகம் அசையாமல் உட்கார்ந்தபடியே, "யாராச்சும் அந்தச் சரத்த எடுத்துட்டு வாங்க," என்கிறாள். பிள்ளைகள் மூவரும் வரிசையாகக் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகனும் போன மாதம் பொத்திக்கொண்டார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

நான் அன்றைக்குச் சொன்னது இது: "தெரியும்ணே. அந்தக் காலத்து ப்ளூஸத் தலகீழாத்தான் வாசிக்கணும். மொதத் தடவ எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். இன்னொரு தடவ வாசிக்கிறேன், கேளுங்க."

கிடாரை மடியில் நேராக்கி, முதல் கம்பியை இழுத்தேன்.

மாமா எழுந்தார். அலமாரி மேல் சாயங்காலத்துக்கென்று வைத்திருந்த ஆயிரம் வாலாச் சரத்தை இறக்கினார். ஜமக்காளத்தில் இருந்தவர்களை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், படியில் இருந்து நடுத்தெரு வரைக்கும் அதைச் சுருக்கம் இல்லாமல் நீட்டி விரித்தார். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேனா என்று. பிறகு குனிந்து, ஊதுபத்தியைத் திரியில் வைத்தார்.