உன் அப்பாவும் நானும் ஒரு பானை மாட்டுக்கறியும்

என் அன்பு மனைவிக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. நலம் விசாரிப்பை முதலிலேயே முடித்துவிடுகிறேன், பிறகு இடம் இருக்காது. நீயும் மகளும் புதிதாய்ப் பிறந்த நம் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். நானும் உன் அப்பாவும் சுகம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் குழந்தை தூங்குகிறது என்று நீ கிசுகிசுக்கிறாய், அவரோ நான் போனை எடுத்தாலே பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். நீ மகளின் பிரசவத்துக்குக் கிளம்பிப் போனதிலிருந்து உன் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. எதை வைத்தாலும் நாலு வாய், அப்புறம் "பசிக்கல மாப்ள" என்று தட்டை நகர்த்திவிடுவார். கோர்ட்டில் சாட்சிகளின் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே வளர்ந்த குரல், தெருமுனை வரை கேட்குமே, அந்தக் குரல் தண்ணீர் கேட்டால் அடுத்த அறையில் இருக்கும் எனக்கே கேட்கவில்லை. ஒருநாள் பார்க்கிறேன், ஆணியும் சுத்தியலும் வைத்து பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். நீ திரும்பி வந்து "எங்கப்பாவை என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? அவர் வேண்டாம் என்று சொல்லாத ஒரே சாப்பாடு நீ வைக்கும் மாட்டுக்கறி உருளைக்கிழங்கு ஸ்டூதான். பஸ்ஸையே ஓட்டுகிறவனுக்கு ஒரு ஸ்டூ வைக்க வராதா என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கிவிட்டேன்.

கறிக்கடைக்கு அவரும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டார். நான் கடைக்காரரிடம், "நல்லா மெத்துன்னு இருக்கற துண்டாப் பார்த்துக் குடுங்க" என்று மெதுவாகச் சொன்னேன். பின்னாலிருந்து அந்தப் பழைய குரல் கிளம்பியது. "எலும்போட கால் கறி போடுப்பா. அதான் வெல கம்மி. வேக நேரமாகும், ஆகட்டும். எங்க ரெண்டு பேருக்கும் இன்னிக்கு ஒரு வழக்கும் இல்ல." வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்தக் குரலைக் கேட்டதில் சந்தோஷமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் குக்கரின் ரப்பரைக் காணோம். சரி, பெரிய பானையிலேயே வைப்போம் என்று கறியைச் சிவக்க வதக்கி, வெங்காயம், கேரட், மிளகு, தண்ணீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடினேன். உருளைக்கிழங்கைக் கடைசியில்தான் போட வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? கறி கல்லாகவே கிடக்க, கிழங்கு கரைந்து காணாமல் போய்விட்டது. அதோடு நான் ஒரு தடவை உப்புப் போட்டேன், நான் அந்தப் பக்கம் போனதும் அவர் ஒரு தடவை போட்டிருக்கிறார், ரெண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை. வாயில் வைத்தால் கடல். உப்பைக் குறைக்க இன்னும் தண்ணீர், இன்னும் கிழங்கு. பானை விளிம்பு வரை வந்து நின்ற நேரத்தில், அடுப்பு நீலமாக ஒரு தரம் குதித்து அணைந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டரைத் தட்டினேன், கோவில் மணி மாதிரி கணீரென்றது.

"கீழ் வீட்டுத் தையக்காரம்மாகிட்ட கேப்போம் மாப்ள" என்றார். ஆளுக்கொரு கைப்பிடியைத் துணியால் பிடித்து, கொதிக்கும் பானையோடு படியிறங்கினோம். பாதியில் அவருக்கு மூச்சு வாங்கியது. பானையைப் படித்திருப்பத்தில் இறக்கிவைத்து, ரெண்டு பக்கமும் உட்கார்ந்தோம்.

"இவ்வளவு பாடுபட்டு வெச்சிருக்கேன், இதையாவது வயிறாரச் சாப்பிடணும் மாமா" என்றேன்.

அவர் பானை மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்க சமையல்ல ஒரு கொறையும் இல்ல மாப்ள. அவ இருந்தா எதிர்ல உக்காந்து ஏதாவது சொல்லிக்கிட்டே சாப்பிடுவா. நீங்க எனக்கு வெச்சிட்டு அடுக்களைக்குள்ள போயி நின்னுக்கிட்டே சாப்பிடறீங்க. தனியா உக்காந்தா தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது" என்றார்.

நான் மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்தேன். மாமனார் முதலில் நிம்மதியாகச் சாப்பிடட்டும், நாம் எதிரில் உட்கார்ந்து அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று. இத்தனை நாளும் அந்த மனுஷன் என் மரியாதையால் பட்டினி கிடந்திருக்கிறார். "தூக்குங்க மாமா, ஆறிடும்" என்று மட்டும் சொன்னேன்.

தையற்காரம்மா தன் அடுப்பைக் கொடுத்தார். சாயங்காலம்தான் கறி வெந்தது. துணி வெட்டும் மேஜையில் கத்தரிகளை ஒதுக்கிவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். "கறி எங்க இருக்குன்னு தேடணும் போல, ஆனா நல்லாருக்கு" என்றார் அந்தம்மா. உன் அப்பா ரெண்டாம் தடவை போட்டுக்கொண்டார். கோர்ட்டில் தன் பெயரையே மறந்துபோய் நின்ற ஒரு சாட்சியின் கதையைச் சொன்னார். எனக்குப் புரையேறி, அவரே என் தலையில் தட்டினார்.

அதனால் எங்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். தினமும் எதிரும் புதிருமாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். நீ அவசரப்பட்டுக் கிளம்பாதே, குழந்தைக்குத் தலை நிற்கும் வரை இருந்துவிட்டு வா. மகளுக்கு என் ஆசியும், மாப்பிள்ளைக்கு என் அன்பும், பேத்தியின் உள்ளங்காலுக்கு ஒரு முத்தமும்.

உன் கணவன்

பி.கு.: எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார் உன் அப்பா. முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, அவ எப்ப வர்றான்னு கேக்கலையே மாப்ள" என்றார். "அதான் அவசரம் இல்லைன்னு எழுதிட்டோமே மாமா" என்றேன். "அது எழுதறதுக்கு. நீங்க கேளுங்க" என்றார். நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். எப்போது வருகிறாய்?