மாடிப்படி மேஸ்திரி மேல் வழக்குப் போடுவது குறித்து

வால்யேவோ, அக்டோபர் 9

மதிப்பும் பாசமும் நிறைந்த மருமகன் வக்கீல் ஸ்த்ராஹின்யாவுக்கு மாமா மியோத்ராக் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லாம் நலம், மேஸ்திரி பாதியில் விட்டுப்போன மாடிப்படி ஒன்றைத் தவிர. பெல்கிரேடில் உனக்கிருக்கிற வேலைக்கு நடுவே சட்டப்படி மூன்று வழிகளை எழுதி அனுப்பினாயே, எப்படி நன்றி சொல்வேன்! பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்ய மாட்டான். என் பிள்ளை ஓக்னியென் செய்யவில்லை.

முதல் வழிப்படி, முப்பது நாள் கெடு வைத்து மேஸ்திரி ஸ்வெதோசாருக்கு நோட்டீஸ் எழுதி, வீட்டுக்கு வரவழைத்தேன். வந்த மேஸ்திரிக்குக் காபியும் ஒரு புட்டி ரக்கியாச் சாராயமும் வைக்காமல் காகிதத்தை நீட்டினால் அது மரியாதையா? வைத்தேன். மூன்றாவது கிளாஸ் ரக்கியாவோடு நோட்டீஸைப் படித்து முடித்தவன், "அண்ணே, என்னமா எழுதிக் குடுத்திருக்காரு உங்க வக்கீல்! எனக்கு ஜன்னல் செய்யறவன் ஆறு மாசமா இழுத்தடிக்கிறான், அவனுக்கும் இதே மாதிரி ஒண்ணு போடச் சொல்லுங்க" என்றான். உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. கெடு முடிந்து பதினோரு நாள் ஆகிறது.

இரண்டாவது வழி, ஒப்பந்தத்தை முறித்து வேறு ஆளை வைப்பது. வேறு மேஸ்திரி வந்தான். எல்லா மேஸ்திரியும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டான்: "எந்தப் புண்ணியவான் இதைக் கட்டினது?" அரை மணி நேரம் தலையில் அடித்துக்கொண்டான். "அடுத்தவன் தொட்ட வேலையில நான் கை வைக்க மாட்டேன்" என்று காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆகவே மூன்றாவது வழி, கோர்ட். என் மருமகள் யொவானாவுக்கு இது ஒன்பதாம் மாதம். வீடு முழுக்கச் சாமான், அவளும் ஓக்னியெனும் சமையலறையில் படுக்கிறார்கள். மாடிக்குப் போக ஏணிதான். "படி வரலைன்னா குழந்தையோட நீஷுக்கு, எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன் மாமா" என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். பேரக்குழந்தையை வருஷத்துக்கு ரெண்டு தடவை ரயிலேறிப் போய்ப் பார்க்கணுமா நான்? மனசு கேக்கலப்பா. நாளைக்கே வழக்கைப் போடு.

உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல். உன் ஆயுசு முழுக்க உனக்கு எந்த மேஸ்திரியும் தேவைப்படாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா மியோத்ராக்

பி.கு.: வழக்கு வேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்குள் யொவானாவுக்கு வலி எடுத்துவிட்டது. இன்றைக்கு வர முடியாது என்று சொல்வதற்காக நேரில் வந்திருந்த ஸ்வெதோசார் அவளைத் தன் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பெண் குழந்தை, இருவரும் நலம். ஓக்னியென் அழுதுகொண்டே அவனைக் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக இருக்கச் சொல்லிவிட்டான். கூடப்பிறந்தவனை நம் ஊரில் கோர்ட்டுக்கு இழுக்கலாம், ஞானத்தகப்பனை இழுக்க முடியுமா? யொவானாவும் குழந்தையும் கீழே எங்கள் அறையில் இருக்கிறார்கள். முழங்கால் வலி என்று முனகும் உன் அத்தைதான் முதலில் ஏணியேறி மாடிக்குக் குடிபோனாள். நீஷ் பேச்சே இல்லை. அந்த மேஸ்திரி நன்றாக இருக்கட்டும். ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் படியை முடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். ஞானத்தகப்பன் வராமல் ஞானஸ்நானம் நடக்காது என்பதால், என்றைக்கு வருவாய் என்று கேட்டோம். "அடுத்த வாரம் சொல்றேண்ணே" என்றான்.