போலீஸ் கைகாட்டினார், நான் இடம் தேடினேன்

பதினாறு வருடங்களாகக் கார் ஓட்டியும் போலீஸ் என்னை ஒருமுறைகூட நிறுத்தியதில்லை. இதை வெகுகாலம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அது பெருமை இல்லை, பயிற்சிக் குறைவு என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்குத்தான் தெரிந்தது. (நேரம் டைரியில் இருக்கிறது. எல்லாமே டைரியில் இருக்கிறது. அதனால்தான் எதையும் மறக்க முடியவில்லை.)

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு சதுர அங்குலத் துணியில் எத்தனை இழை என்று லென்ஸ் வைத்து எண்ணுவது என் வேலை. இந்த வேலையை இருபது வருடம் பார்த்தவன் வீட்டில் எப்படி இருப்பான் என்று என் மனைவி சந்திராவைக் கேட்டால் சொல்லுவாள். கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

மகள் மீனாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குக் காரில் போகிற வேலை. சேரும்போது நாலு சக்கர லைசென்ஸ் காட்ட வேண்டும். அவள் கையில் இருந்ததோ பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். அதற்கு ஆயுள் ஆறு மாதம், அன்றைக்குத்தான் கடைசி நாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதினொரு மணிக்கு டெஸ்ட். அதைத் தவறவிட்டால் எல்லாம் முதலிலிருந்து, வேலை காத்திருக்காது. கடைசி நாள் வரை இழுத்தவன் நான்தான். அவள் நாற்பது மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும் என்று அட்டவணை போட்டிருந்தேன். இருபதிலேயே நன்றாக ஓட்டினாள். ஆனால் அட்டவணையில் நாற்பது என்று இருந்தது.

டெஸ்டுக்கு முன் பிள்ளை களைத்துவிடக் கூடாது என்று அன்று நானே ஓட்டினேன். நான் ஓட்டும்போது எல் அட்டை தொங்குவது தவறான தகவல் என்பதால் அதைக் கழற்றி டிக்கியில் வைத்தேன். வழியெல்லாம் பாடம்.

"போலீஸ் கைகாட்டினா என்ன செய்யணும்?"

"எடது இண்டிகேட்டர் போடணும். கண்ணாடியில பின்னாடி பாக்கணும். மெதுவா ஓரங்கட்டி நிப்பாட்டணும். எஞ்சினை அணைக்கணும். கேட்டதைக் காட்டணும். பதறக்கூடாது. ஏழாவது தடவையா சொல்லுதேம்பா."

"எட்டாவது தடவை சொன்னா கொறைஞ்சு போயிருவியா?"

"பிள்ளையச் செத்த நேரம் சும்மா விடுங்க" என்றாள் பின்சீட்டிலிருந்து சந்திரா.

சரியாக அந்த இடத்தில்தான், ஊரைத் தாண்டியதும், சாலையோரம் இரண்டு தடுப்புகள். அவற்றின் பக்கத்தில் நின்ற ஏட்டய்யா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி ஓரத்தைக் காட்டினார்.

நான் பதறவில்லை. இடது இண்டிகேட்டர் போட்டேன். கண்ணாடி பார்த்தேன். வேகத்தைக் குறைத்தேன். அப்போதுதான் அவர் காட்டிய இடத்தில் 'இங்கு வாகனங்களை நிறுத்தாதீர்' என்ற பலகையைப் பார்த்தேன். போலீஸ் கண்ணெதிரில் ஒரு விதியை மீறி இன்னொரு விதிக்குக் கீழ்ப்படிவது எனக்குச் சரியாகப் படவில்லை. கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம் என்று முடிவு செய்தேன். அவர் தவறாக நினைத்துவிடக் கூடாதே என்று ஜன்னல் வழியே கையை நீட்டி, 'இதோ, அங்கே நிறுத்துகிறேன்' என்கிற அர்த்தத்தில் அசைத்தேன்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது டாட்டா காட்டியது போல இருந்ததாம்.

தள்ளிப் போனால் பஸ் நிறுத்தம். அங்கே நிறுத்தக் கூடாது. அடுத்து மில் வாசல், லாரி திரும்புகிற இடம். அடுத்து ஒரு சின்னப் பாலம். பாலத்தின் மேல் நிறுத்துவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு நேரமும் இண்டிகேட்டர் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டே வந்தது. என் நல்லெண்ணத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

"யப்பா, பின்னால பைக்ல தொரத்திட்டு வாராக" என்றாள் மீனா.

"யாரு?"

"யாரா? போலீசுதாம்பா!"

அவசரமாகப் போகும் போலீஸ் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதும் விதிதான். ஓரம் ஒதுங்கி, முந்திப் போகும்படி மரியாதையாகக் கை காட்டினேன். அவர்கள் முந்தவில்லை. மறுபடியும் காட்டினேன். பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த ஏட்டய்யா லத்தியை ஆட்டினார்.

"ஏங்க, அவிய முந்துறதுக்கு வரலைங்க. நம்மளப் பிடிக்க வாராக" என்று சந்திரா அழாக்குறையாகச் சொன்னாள்.

பலகை இல்லாத, வளைவு இல்லாத, வாசல் எதுவும் இல்லாத ஓர் இடம் கடைசியில் கிடைத்தது. ஒரு புளியமரத்தடி. நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் தெரியும்படி வைத்துக்கொண்டேன்.

ஏட்டய்யா மூச்சு வாங்க வந்து குனிந்து பார்த்தார். உள்ளே ஒரு கடத்தல்காரனை எதிர்பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி போட்ட, சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திய ஒரு மனிதனைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த களைப்பை இன்றும் மறக்க முடியவில்லை.

"எதுக்குய்யா ஓடுனீரு?"

"ஓடலைங்கய்யா. நிறுத்த இடம் பாத்தேன்."

"ரெண்டு கிலோமீட்டருக்கா?"

"ஒண்ணு புள்ளி எட்டு" என்றேன். (மீட்டரைப் பார்த்திருந்தேன். சொல்லியிருக்க வேண்டாம்.)

"நெழல் வேற பாத்து நிப்பாட்டியிருக்காரு. எடும் பேப்பரை."

இதற்காகத்தான் பதினாறு வருடங்களாகக் காத்திருந்தேன். டேஷ்போர்டிலிருந்து நீல நிறக் கோப்பை எடுத்து நீட்டினேன். முதல் பக்கத்தில் பொருளடக்கம். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, எல்லாவற்றுக்கும் தனித்தனி உறை, உறைக்கு எண், எண்ணுக்கு எதிரே காலாவதித் தேதி.

"பொருளடக்கத்த வச்சு நான் என்னய்யா பண்ண? லைசென்ச எடும்."

"நாலாம் நம்பர் உறை."

அவர் அட்டையை உருவி, முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரல் திடீரென்று கனிந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"சாருக்கு அம்பது முடிஞ்சிருச்சோ?"

"ரெண்டு மாசமாச்சுங்கய்யா."

"பொறந்த நாளு கொண்டாடுனீகளா?"

"பாயாசம் வச்சேன்" என்றாள் சந்திரா.

"அன்னிக்கே லைசென்சு முடிஞ்சு போச்சும்மா."

லைசென்ஸ் இருபது வருடம் செல்லும் என்று டிரைவிங் ஸ்கூல்காரர் சொல்லியிருந்தார். அதை அப்படியே பொருளடக்கத்தில் எழுதிவிட்டேன். இருபது வருடம் அல்லது ஐம்பது வயது, எது முந்தியோ அது வரைதான் என்பது அட்டையிலேயே தேதியாக அச்சாகியிருந்தது. பதினாறு வருடங்களாக நான் பொருளடக்கத்தை மட்டுமே சரிபார்த்து வந்திருக்கிறேன்.

அபராதச் சீட்டு எழுதப்பட்டது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஏட்டய்யா அடுத்துக் கேட்டதுதான் கேள்வி.

"இப்ப இந்த வண்டிய யாரு ஓட்டுவா?"

எனக்கு லைசென்ஸ் இல்லை. மீனாவுக்கு எல்.எல்.ஆர்.தான், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும். சந்திரா சைக்கிள்கூட ஓட்டியதில்லை. பஸ்ஸில் போகலாம் என்றால், டெஸ்டுக்குக் கார் வேண்டும். வன்னியம்பட்டியில் இருக்கும் சந்திராவின் அண்ணன் குருசாமி மச்சானுக்குப் போன் அடித்தோம். எடுக்கவில்லை, வயலில் இருந்திருப்பார். மணி ஒன்பது ஐம்பது.

மீனா அழவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஏட்டய்யாவைப் பார்த்து, "சார், பதினோரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசுல டெஸ்டு. இன்னிக்கு விட்டா எனக்கு வேலை போயிரும் சார்" என்று மட்டும் சொன்னாள். நாற்பது என்று எழுதிய என் அட்டவணையை அந்த நிமிடம் கிழித்துப் போட்டேன், மனதுக்குள்.

ஏட்டய்யா பைக் ஓட்டி வந்த பெண் காவலர் பக்கம் திரும்பினார். "நீ எத்தனை மணிக்குக் கோர்ட்டுக்குப் போகணும்?"

"பத்தரைக்கு சார். ஸ்ரீவில்லிபுத்தூருதான்."

"இந்தப் பிள்ளைகூட முன்னால ஒக்காந்து ஆர்.டி.ஓ. ஆபீசு வரைக்கும் போயிரு. ஜீப்பே ஓட்டுறவ, ஒனக்கென்ன. பைக்க நான் கொண்டு போறேன்."

டிக்கியிலிருந்து எல் அட்டை வெளியே வந்தது. கட்டிய கயிற்றை வீட்டிலேயே வைத்துவிட்டதால், எங்கள் கம்பெனி பிளாஸ்டரால் முன்னும் பின்னும் ஒட்டினேன். மீனா ஓட்டினாள், பெண் காவலர் பக்கத்தில், நான் பின்சீட்டில். அவள் அருமையாக ஓட்டினாள். ஆனாலும் ஒரு லாரியைக் கண்டதும் என்னால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மூணாவது கியருக்கு வந்துரும்மா."

பெண் காவலர் திரும்பாமலே சொன்னார்: "சார், நீங்க லைசென்சு இல்லாதவுக. பேசாம வாங்க."

சந்திரா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை எடுக்கவில்லை.

பதினொன்றரைக்கு டெஸ்ட் நடந்தது. நான் மதிலோரம் நின்று பார்த்தேன். ஒரு தவறும் இல்லை. முடிவில் ஆய்வாளர் காரிலிருந்து இறங்கி, சும்மா பேச்சுக்கு ஒரு கேள்வி கேட்டார். "போலீஸ் நிப்பாட்டச் சொன்னா என்னம்மா செய்வ?"

"இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பாத்து, அவுக காட்டுற எடத்துலயே நிப்பாட்டுவேன் சார். வேற எடம் தேட மாட்டேன்."

"எடம் தேடக்கூடாதுன்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

"புஸ்தகத்துல இல்ல சார். அந்தா நிக்காகள்ல, எங்கப்பா. காலைல ஓட்டிக் காட்டுனாக."

பாஸ். மாலையில் குருசாமி மச்சான் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு எங்களை வீடு சேர்த்தார். வழியில் அவருக்கு எல்லாம் சொல்லப்பட்டது. அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் நான் பந்தியில் ஒரு நிமிடம் தயங்கி நின்றால் போதும். "மாப்பிள்ளைய ஒண்ணும் சொல்லாதிய, எடம் பாத்துக்கிட்டு இருக்காரு" என்று அவர் மண்டபத்துக்கே கேட்கும்படி சொல்வார். டாக்டர் சான்று, படிவம், வரிசை என்று அலைந்து நானும் லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டேன்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து மீனா போன் செய்தாள். அன்று முதல்முறையாகப் போலீஸ் அவளை நிறுத்தினார்களாம். "நின்னேன், காட்டுனேன், போகச் சொல்லிட்டாக. மூணு நிமிஷம்கூட ஆகலப்பா."

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. "ரொம்ப நல்லதும்மா. நீ நிப்பாட்டுன எடத்துல போர்டு ஏதும் இருந்துச்சா?" என்று கேட்டேன்.



"போன அம்மாட்ட குடுங்கப்பா" என்றாள்.