பெரிய திரையில் என் ரிசல்ட்

உற்சாகம் வேறு, படிப்பு வேறு என்பது ஒரு ஆடிட்டோரியமே என்னைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தேன். விடியற்காலையில் எழுந்துவிடுவேன் (எழுந்ததாக ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன்). சுவரெல்லாம் 'உன்னால் முடியும்' ஸ்டிக்கர். அதற்குக் கீழே அடுக்கியிருந்த புத்தகங்களைத் திறந்ததாக நினைவில்லை. என் லட்சியம் சிறுசேரி ஐ.டி. பூங்காவில் ஒரு வேலை. அங்கிருந்து கேம்பஸில் ஆள் எடுக்க வரும் கம்பெனியோ, அரியர் வைத்தவனை வாசலிலேயே நிறுத்திவிடும்.

என் ஸ்டேட்டஸ்களில் மயங்கிய துறைத் தலைவர், முதலாண்டு மாணவர்களுக்கு ஊக்கம் கொடுத்துப் பேசச் சொன்னார். இரும்புலியூரிலிருந்து அம்மாவும் தங்கையும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் முழங்கிக்கொண்டிருக்கும்போது, செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டதென்று அரங்கில் சலசலப்பு. புத்தியுள்ளவன் தண்ணீர் குடித்துச் சமாளித்திருப்பான்.

"நம்பிக்கைன்னா என்னன்னு இப்பவே காட்டறேன்" என்று மேடை லேப்டாப்பில் என் பதிவெண்ணைத் தட்டினேன்.

பெரிய திரையில் வந்தது. ஒரே ஒரு பாடத்தில் பாஸ். மற்றதெல்லாம் பெயில்.

எண்ணைச் சரிபார்த்து மறுபடி தட்டினேன் (பார்க்காமல் விட்டவர்களும் பார்த்துக்கொண்டார்கள்). என்னையறியாமல் மைக்கில் "அம்மா" என்றேன். கூப்பிட்டதாக நினைத்து அம்மா எழுந்து நின்றுவிட்டார். ஆடிட்டோரியமே சிரித்தது. சிறுசேரி அந்த நிமிடமே கைவிட்டுப் போனது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கீழே இறங்கினால் அடுத்த அதிர்ச்சி. கோவளத்திலிருந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்து, வகுப்பிலும் அதைத் தொடரும் என் நண்பன் தினேஷ் எல்லாப் பாடத்திலும் பாஸ்.

"எப்படிடா?"

"அரியர் வெச்சா அதே புக்க இன்னொரு தபா படிக்கணும் மச்சான். அந்த பேஜார் யாருக்கு வோணும்? அதான் ஒரே தபாவுல முடிச்சுக்கினேன்."

சிறுசேரிக்கு அவன்தான் போனான். நான் ஸ்டிக்கர்களைக் கிழித்துவிட்டு, அரியர்களை ஒவ்வொன்றாக முடித்து, குரோம்பேட்டையில் ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்தேன்.

இன்றும் வீட்டில் குக்கர் விசில் அடிக்காவிட்டால் தங்கை என்னைத்தான் கூப்பிடுவாள்.

"அண்ணா, இது ரொம்ப சோர்ந்து போயிருக்கு. வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயேன்."

அம்மாவோ நேராகப் போய் கேஸ்கெட்டை மாற்றுவார். விசில் வந்துவிடும்.