கசில்டா கிணற்றில் காணாமற்போன செடிகள்

அந்தலூசியாவில் எங்கள் ஊரில் கிணற்றுச் சுவர் சரிந்தால், கொத்தனாரைக் கூப்பிடுமுன் செடிகொடிப் பாதுகாப்பு அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். நல்ல சட்டம். மேலத்தெரு விதவை கசில்டாவும் தன் கிணற்றுச் சுவர் சாய்ந்ததும் அப்படி நம்பித்தான் மனுப் போட்டாள். அவளுக்கும் அவளுடைய ஆறு ஆடுகளுக்கும் அந்த ஒரு கிணறுதான் தண்ணீர். அதன் உட்சுவர் ஈரத்தில், கறுப்பு நூல் மாதிரிக் காம்பும் கொத்தமல்லி மாதிரி இலையுமாக, கைப்பிடி அளவில் ஒரு பெரணி இருந்தது.

மனுவில் 'செடியின் பெயர்' என்ற இடத்தில் அவள் 'கிணற்றுக் கொத்தமல்லி' என்று எழுதினாள். மேலத்தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட நான் கீழத்தெருக்காரன். எங்கள் வழக்கப்படி 'மாதா கூந்தல்' என்று எழுதினேன். அரசாங்கப் பட்டியலில் அது 'வீனஸ் கூந்தல்'.

ஆய்வாளர் ஃபௌஸ்தினோ வந்து கிணற்றுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"மூணு செடியில ஒண்ணுதாம்மா இருக்கு. மத்த ரெண்டு எங்க?"

"எப்பவும் ஒண்ணுதாங்கய்யா. பேருதான் மூணு."

"இல்லாத செடிக்கு யாராவது பேரு வைப்பாங்களா?"

"உங்கள வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க?"

"தினோன்னு."

"அப்ப நீங்க ரெண்டு ஆளா?"

அவர் யோசித்தார். "சம்பளம் ஒண்ணுதாம்மா வருது" என்றார் வருத்தமாக.

பதினைந்தாம் நாள் உத்தரவு வந்தது. மேற்படி கிணற்றில் காணாமற்போன அரிய செடிகள் இரண்டும் கண்டுபிடிக்கப்படும்வரை சுவரைத் தொடலாகாது. அல்லது, ஊரார் ஒருமனதாக ஒரே பெயரை எழுதிக் கையொப்பமிட்டால் விசாரணை முடித்துவைக்கப்படும்.

இது ஒரு பெரிய விஷயமா? ஒயின் கடையில் ஊரே கூடினோம்.

"நாய்வாலுன்னுகூட எழுதிக்கோங்க. மழைக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுக் குடுங்கப்பா" என்றாள் கசில்டா.

"உன் கிணறு முக்கியந்தான் அக்கா" என்றான் மேலத்தெரு எலெயுத்தேரியோ. "அதுக்காக நம்ம பேர விட்டுக்குடுத்துட்டு, நாளைக்கு இவனுங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"நாங்க மட்டும் மாதாவ விட்டுக்குடுக்கணுமோ?" என்றேன் நான்.

மூன்று மாலை பேசினோம். செக்கடித் தெருக்காரர்கள் தங்களுக்கும் ஒரு பெயர் உண்டு என்றார்கள். முடிதிருத்துபவர் தனியாக இரண்டு சொன்னார். யார் மனமும் நோகக்கூடாதென்று கடைசியில் பதினொரு பெயரையும் எழுதி, ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். கசில்டா எங்களைத் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

நான்காம் நாள் மழை. சுவர் பெரணியோடு உள்ளே போய்க் கிணறு தூர்ந்துவிட்டது. அலுவலகம் பதினொரு அரிய செடிகளின் மறைவுக்கு இரங்கல் தெரிவித்தது. சுவர் இல்லாத காரணத்தால் சுவர் மனுவை நிராகரித்தது.

இப்போது கசில்டா மலையடி ஊற்றிலிருந்து தண்ணீர் சுமக்கிறாள். நேற்று ஒயின் கடை வாசலில் மூச்சு வாங்க நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. எழுந்துபோய், "அந்தத் தவலைய இப்படிக் குடு அக்கா" என்றேன்.

"அது தவலை இல்ல, குடம்" என்றான் எலெயுத்தேரியோ.

நான் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டேன். இதை எப்படி விடுவது?